பிராக்டேல் பழத்தோட்டம்: 2,000 ஆப்பிள் வகைகளை மரமாகவே வைத்துக் காப்பது எப்படி?

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிராக்டேல் என்ற குக்கிராமத்தில் 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகளை மரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்களாமே. விதையை எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதாதா, அந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மரங்கள் எத்தனை நூற்றாண்டு பழையவை என்பது கேள்வி. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே நிற்கும் மரங்கள் இளையவை. வரிசை பிடித்து நட்டு, கவாத்து செய்து அடக்கி வைத்த குட்டை மரங்கள்தான் அதிகம். பாசி படிந்த முதுமரங்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பழையது அங்கே மரம் அல்ல, வகை. குட்டை வேர்ச்செடியில் (ஒட்டு கட்டுவதற்கு வேர் தரும் அடிச்செடி) ஒட்டிய ஆப்பிள் மரம் 20, 30 ஆண்டு நன்றாகக் காய்க்கும். வீரியமான வேரில் வளர்ந்த பெரிய மரம் நூறாண்டை எட்டலாம். சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த, பிராம்லி என்ற ஆப்பிள் வகையின் தாய்மரம் இருநூறாண்டைக் கடந்தது விதிவிலக்கு. ஆனால் ஒரு வகையின் ஆயுளுக்கு இப்படி வரம்பு இல்லை. அதிலிருந்து குச்சி வெட்டி அடுத்த செடியில் யாராவது ஒட்டுக் கட்டிக்கொண்டே இருக்கும்வரை அது இருக்கும். ஒரு தலைமுறை அந்த வேலையை விட்டால் வகை போய்விடும், திரும்ப வராது. பிராக்டேலில் நடப்பதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், விடாமல் ஒட்டுக் கட்டும் வேலை என்றுதான் சொல்வேன்.

விதை ஏன் போதாது என்பதும் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஆப்பிள் வகைகள் தம் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறொரு வகையின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் கலப்பினம். காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் பழத்தில் ஐந்து அறை, அறைக்கு இரண்டு என்று பத்து விதை இருந்தால், பத்தும் பத்து விதமான மரமாகும், காக்ஸ் ஆகாது. அவற்றில் பெரும்பாலானவை சிறுத்த, புளித்த, துவர்ப்பான காய் தரும். எப்போதாவது ஒன்று அதிர்ஷ்டமாக அமையும். பிராம்லியும், கோல்ன்புரூக்கில் ரிச்சர்டு காக்ஸ் விதை போட்டு எடுத்த காக்ஸ் ஆரஞ்ச் பிப்பினும், 1700ஆம் ஆண்டு வாக்கில் குளோஸ்டரில் தோன்றிய ஆஷ்மீட்ஸ் கெர்னலும் அப்படி அமைந்தவை. கிடைத்த ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ள ஒட்டுதான் வழி. விதை வங்கியில் வைத்தால் இனத்தின் மரபணு வளம் மிஞ்சும்; காக்ஸ் என்ற பழம் மிஞ்சாது.

இனி இடம். பிராக்டேல், ஃபேவர்ஷம் பட்டணத்துக்குத் தெற்கே, ஆஸ்பிரிஞ்ச் ஊரை ஒட்டிய சில வீடுகள் கொண்ட சிற்றூர். சுண்ணாம்புப் பாறையின் மேல், காற்று கொண்டுவந்து சேர்த்த மென்மையான வண்டல் படிந்த மண். செங்கல் அறுக்க உகந்தது என்று லண்டன் வீடுகளுக்காகத் தோண்டித் தீர்த்த அதே மண்தான். ஆழமாக இருக்கும், நீரை வடிய விடும், ஆனால் கோடையில் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். பழமரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தேங்கும் நீரில் வேர் அழுகும், ஆப்பிளில் புற்றுப்புண் நோய் ஏறும். வெறும் சுண்ணாம்பு மேலே வந்துவிட்டால் இரும்புச் சத்து கிடைக்காமல் இலை மஞ்சளடிக்கும். இரண்டுக்கும் நடுவே அமைந்த நிலம் இது. மழையும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியைவிடக் குறைவு, அதனால் பூஞ்சண நோய்களின் தொல்லை கொஞ்சம் தணிந்திருக்கும்.

மண் மட்டும் காரணம் அல்ல, சந்தையும் காரணம். ஃபேவர்ஷம் கழிமுகத்திலிருந்து பாய்மரப் படகில் ஏற்றிய பழம் தேம்ஸ் வழியே லண்டன் சேரும். ரோமானியர் போட்ட பழைய சாலை ஆஸ்பிரிஞ்ச் வழியாகவே போகிறது. 1858இல் ரயில் வந்தது. தோல் மெலிந்த செர்ரியைப் பறித்த மறுநாளே தலைநகரில் விற்க முடிந்த இடம் என்பதால்தான் இந்தப் பகுதி பழநாடு ஆனது.

இந்த வட்டாரத்தின் பழக்கதை 1533இல் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். எட்டாம் ஹென்றியின் பழத்தோட்டப் பொறுப்பாளர் ரிச்சர்டு ஹாரிஸ், ஃபேவர்ஷத்துக்கு மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் டெய்ன்ஹமில் 105 ஏக்கர் நிலத்தில் பிரான்சிலிருந்து பிப்பின் ஆப்பிளையும், தாழ்நாடுகளிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதி) செர்ரி, பேரி வகைகளையும் கொண்டுவந்து நட்டார். அதற்கு முன் இங்கே ஆப்பிளே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மடங்களிலும் பண்ணைகளிலும் ஆப்பிள் இருந்தது. பியர்மெய்ன் என்ற ஆப்பிள் வகையின் பெயர் 1200ஆம் ஆண்டுவாக்கிலேயே நார்ஃபோக் ஆவணத்தில் வருகிறது. ஹாரிஸின் தோட்டம் வேறு வகையில் முக்கியம். மற்றவர்கள் நடுவதற்கு ஒட்டுக்குச்சி கொடுக்கும் தாய்த் தோட்டமாக அது விளங்கியது. இன்று பிராக்டேல் செய்வதும் அதுவே.

இப்போதிருக்கும் தொகுப்பு பிறந்தது பிராக்டேலில் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தோட்டக்கலைச் சங்கம் சிஸ்விக்கில் பழவகைகளைச் சேர்த்து நட்டு ஒப்பிட ஆரம்பித்தது. அன்றைய பெரிய தலைவலி பெயர்க் குழப்பம்: ஒரே பழம் மாவட்டத்துக்கு ஒரு பெயரில், ஒரே பெயரில் நாலைந்து பழம். 1883இல் சிஸ்விக்கில் நடந்த தேசிய ஆப்பிள் மாநாட்டின் முக்கிய நோக்கம், நாடெங்கும் இருந்து வந்த பழங்களை மேசையில் பரப்பி அந்தச் சிக்கலை அவிழ்ப்பது. 1885இல் பேரிக்கும் அதேபோல் நடந்தது. இன்று கடைகளில் நீளமாகத் தொங்கும் கான்ஃபரன்ஸ் பேரி அந்த மாநாட்டின் பெயரைத் தாங்கியது. 1922இல் அதே சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் தேசியப் பழச் சோதனைகள் தொடங்கின. இடம் போதாமல் 1950களில் அவை பிராக்டேலுக்குக் குடிபெயர்ந்தன. ஒவ்வோர் இடமாற்றத்திலும் மரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோகவில்லை. குச்சி வெட்டிப் புதிதாக ஒட்டுக் கட்டித்தான் நகர்த்தினார்கள்.

அந்த ஒட்டு எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாம் அதில்தான் நிற்கிறது.

குச்சியை நடுக்குளிரில், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரிக்குள், மரம் முழு உறக்கத்தில் இருக்கும்போது வெட்ட வேண்டும். போன கோடையில் வளர்ந்த, பென்சில் தடிமனுள்ள ஓராண்டுக் குச்சிதான் வேண்டும். தெற்குப் பக்கம் வெயில் பட்டு முற்றிய குச்சி நல்லது. நடுவில் நிழலில் நெட்டையாக ஓடியது ஆகாது. 20 முதல் 30 செ.மீ. நீளத்தில் வெட்டி, வகைப் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, லேசான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 2 முதல் 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். அதே குளிர்பெட்டியில் பழுத்த ஆப்பிளை வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் குச்சி பச்சையாகத்தான் இருக்கும், ஒட்டினால் துளிர்க்காது. பலரும் ஒட்டின் மேல் பழி போடும் தோல்விகளில் இது ஒன்று.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலில் வேர்ச்செடியில் சாறு ஏறத் தொடங்கியதும் ஒட்டும் வேலை. வேர்ச்செடி விழித்திருக்க வேண்டும், குச்சி தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். குச்சி முன்கூட்டியே விழித்துவிட்டால், ஒட்டு கூடுவதற்குள் இலை விரிந்து, நீர் கிடைக்காமல் காய்ந்துபோகும். தரையிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில் வேர்ச்செடியை வெட்டி, அதில் மேல்நோக்கி 4 செ.மீ. நீளச் சரிவு ஒன்றைக் கத்தியால் ஒரே இழுப்பில் போட வேண்டும். குச்சியின் அடியிலும் அதே நீளச் சரிவு. இரண்டு சரிவிலும் அதனதன் கூர்நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒரு நாக்கைக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் குச்சி தானாக நிற்கும். குச்சியில் மூன்று, நான்கு மொட்டு இருந்தால் போதும்.

இதில் உயிர்நாடி, பட்டைக்கும் மரத்துக்கும் இடையே இருக்கும் மயிரிழைப் பச்சை அடுக்கு. வேர்ச்செடியின் அடுக்கும் குச்சியின் அடுக்கும் தொட வேண்டும். குச்சி வேர்ச்செடியைவிட மெலிந்ததாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கமாவது அடுக்கும் அடுக்கும் சேரும்படி வைக்க வேண்டும். நடுவில் அழகாக வைத்தால் இரண்டு பக்கமும் தொடாமல் போகும். வெட்டு நடுவில் குழிந்தால் உள்ளே காற்று நிற்கும்; முன்பின் தேய்த்துச் செதுக்குவதால்தான் இப்படிக் குழியும். கத்தி கூர்மையாக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. நாடாவை இறுகச் சுற்றி, குச்சியின் நுனிவெட்டிலும் மெழுகு தடவி மூடினால் வேலை முடிந்தது. இழுவை இல்லாத நாடாவாக இருந்தால் ஜூன், ஜூலையில் கீறி விட வேண்டும். கீறாமல் விட்டால் தண்டு தடிக்கத் தடிக்க நாடா உள்ளே புதைந்து கழுத்தை நெரிக்கும். ஒரு காற்றடித்தால் அந்த இடத்தில் ஒடியும். வசந்தத்தில் தவறியவற்றுக்கு ஜூலை, ஆகஸ்டில் ஒரே மொட்டைச் சில்லாகச் சீவி வைக்கும் மொட்டு ஒட்டு இரண்டாம் வாய்ப்பு.

நடும்போது ஒட்டு மூட்டு மண்ணுக்கு 15 செ.மீ. மேலாவது நிற்க வேண்டும். மண்ணுக்குள் போய்விட்டால் மேலே ஒட்டிய வகை தன் வேரைத் தானே விட்டுக்கொள்ளும். குட்டை வேர்ச்செடியின் கட்டுப்பாடு போய், மூன்று மீட்டரில் நிற்க வேண்டிய மரம் கட்டுமீறி வளரும்.

வேர்ச்செடி என்று இத்தனை முறை சொல்கிறேனே, அதுவும் கென்டின் கொடைதான். ஈஸ்ட் மாலிங்கில் 1913இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அன்று ஐரோப்பாவில் குட்டை வேர்ச்செடிகள் கலந்துகட்டியாக விற்கப்பட்டன. ஒரே பெயரில் வாங்கிய செடிகளில் ஒன்று இடுப்பளவும் இன்னொன்று வீட்டு உயரமும் வளர்ந்தால் விவசாயி என்ன செய்வார்? ரொனால்டு ஹாட்டன் அவற்றைச் சேகரித்து, பிரித்து, எண் கொடுத்தார். உலகெங்கும் இன்று ஆப்பிள் தோட்டங்கள் நிற்கும் எம்9 (எம் என்பது மாலிங்கின் முதலெழுத்து) அப்படி எண் பெற்றதுதான். பின்னர் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தோடு சேர்ந்து, கம்பளி அசுவினி என்ற பூச்சி வேரைத் தாக்காத எம்எம் (மாலிங்-மெர்ட்டன்) வரிசையை உருவாக்கினார்கள். எம்எம்106 அதில் பேர்போனது.

உயரத்தைத் தீர்மானிப்பது வேர்தான். எம்27 ஆள் உயரத்தோடு நிற்கும். எம்9 இரண்டரை முதல் மூன்று மீட்டர். வேர் நொறுங்கும் தன்மையுடையது, ஆயுள் முழுக்கக் கம்பு கட்ட வேண்டும், களையும் புல்லும் அடியில் போட்டியிட்டால் துவண்டுவிடும். எம்எம்106 நான்கைந்து மீட்டர், வீட்டுத் தோட்டத்துக்குப் பொறுமையான வேர். எம்25 பழைய காலத்துப் பெருமரத்துக்கு. பழைய தோட்டத்தில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டால் ஹெக்டேருக்கு நூறு மரம். எம்9இல் வரிசைக்கு மூன்றரை மீட்டர், மரத்துக்கு ஒரு மீட்டர் என்றால் 2,800ஐத் தாண்டும். பேரிக்கு வேர் தருவது குயின்ஸ் செடி. ஆனால் வில்லியம்ஸ் போன்ற சில பேரி வகைகள் குயின்ஸோடு சரியாகக் கூடாது. ஒட்டு பிடித்தது போலத் தோன்றி, காய் சுமக்கும் வயதில் மூட்டில் ஒடிந்து விழும். அதற்கு இரண்டுக்கும் இணங்கும் பெர்ரே ஹார்டி வகையை நடுவில் ஒரு துண்டு வைத்து, இரட்டை ஒட்டுப் போட வேண்டும்.

தொகுப்பில் வகைக்குப் பொதுவாக இரண்டு மரம். ஆப்பிள் சுமார் 2,200 வகை, பேரி 500க்கு மேல், பிளம் 300க்கு மேல், செர்ரி சுமார் 300, மேலும் குயின்ஸ், மெட்லர் பழங்கள், காப்நட் என்ற கொட்டை, திராட்சை, கரன்ட் என்ற சிறுகனி, கூஸ்பெர்ரி வகைகள். இரண்டே இரண்டு என்பது துணிச்சலான கணக்கு. ஒன்று பட்டுப்போனால் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கை சரிதான், ஆனால் இரண்டும் ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நோய் ஒன்று வந்தால் இரண்டையும் சேர்த்தே தொடும். என் கருத்தில் அந்தத் தொகுப்பின் பலவீனம் இதுதான். ஒரு வகை பிராக்டேலில் மட்டும் இருந்தால் அது பத்திரமாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்; வேறு மாவட்டங்களிலும் நாலு பண்ணைகளில் இருக்க வேண்டும்.

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. தீக்கருகல் என்ற பாக்டீரியா நோய் பிரிட்டனில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1957இல், இதே கென்டில், பேரி மரங்களில். பூ வழியே உள்ளே போய், தளிர் நுனி கொக்கி போல வளைந்து, இலைகள் நெருப்பில் வாட்டியது போலக் கருகி, உதிராமல் தொங்கும். கோடைக் கடைசியில் மறுபடி பூக்கும் லாக்ஸ்டன்ஸ் சூபர்ப் என்ற பேரி, வெயில் நேரத்தில் பூ விரித்து நோயை வரவேற்றதால் தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி எறியப்பட்டது. கருகல் கண்டால், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு 30 செ.மீ. கீழே, பெரிய கிளையென்றால் அதற்கும் கீழே வெட்டி எரிக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைக் கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுபவரே நோயை மரத்துக்கு மரம் எடுத்துப் போவார்.

பிளம், செர்ரிக்கு வேறு விதி. ஆப்பிளைப் போலக் குளிர்காலத்தில் கவாத்து செய்தால், ஈரக் காற்றில் வரும் வெள்ளியிலை நோயின் வித்துகள் புது வெட்டில் இறங்கும். இலை ஈயம் பூசியது போல மின்னும், கிளையை அறுத்தால் உள்ளே பழுப்புக் கறை. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்டுக்குள், உலர்ந்த நாளில்தான் கத்தியை எடுக்க வேண்டும். ஆப்பிளின் அன்றாட எதிரி சொறிநோய். உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்த மழையில் வித்து தெறிக்கும். 10 டிகிரியில் இலை 14 மணி நேரம் ஈரமாக இருந்தால் தொற்று உறுதி. மருந்தோடு சேர்த்துச் செய்யப் பயனுள்ளது, இலையுதிரும் நேரத்தில் 5 சதவீத யூரியா கரைசல் தெளித்து, விழுந்த இலையை மண்புழு சீக்கிரம் தின்னும்படி செய்வது. பட்டுப்போன மரத்தின் குழியிலேயே அதே இனத்தை மறுபடி நட்டால் புதுக்கன்று வளராமல் முடங்கும். அதனால்தான் தொகுப்பைப் புதுப்பிக்கும்போது பழைய வரிசையில் திரும்ப நடாமல் புது நிலம் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து வானிலை. ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எப்போது வேண்டும் என்பதுதான் முக்கியம். குளிர்காலத்தில் 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிர் பல வகைகளுக்கு ஆயிரம் மணி நேரம் அளவில் சேர்ந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். குறைந்தால் ஒரே மரத்தில் ஒரு கிளை பூத்து, மறு கிளை வெறுமையாக நிற்கும். அதே குளிர் ஏப்ரல், மே மாதத்தில் வந்தால் கேடு. முழுப் பூவில் −2.2 டிகிரியில் பத்தில் ஒரு பூ சாகும், −3.9இல் பத்தில் ஒன்பது. விடிந்ததும் பூவைக் கிள்ளி நடுவில் பார்த்தால் தெரியும்: இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுச் சூலகம் கருத்திருந்தால் காய் இல்லை. குளிர்காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி வழியும். அதனால் தோட்டத்தைச் சரிவில் வைத்து, கீழ்ப்பக்க வேலியில் காற்று வடிய இடைவெளி விடுவார்கள். கோர்ட் பென்டு பிளாட் என்ற மிகப் பழைய வகை மற்றவை உதிர்ந்த பிறகே பூக்கும்; இத்தகைய குணங்களுக்காகவே பழைய வகைகளைக் காப்பது பயனுள்ளது. மறுபக்கம் வெப்பம்: 2003 ஆகஸ்டு 10 அன்று பிராக்டேலில் 38.5 டிகிரி பதிவாகி, பிரிட்டனின் உச்ச வெப்பச் சாதனையாக 2019 வரை நின்றது.

செர்ரியைத் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த வட்டாரத்தின் முகமே அதுதான். பழைய செர்ரித் தோட்டத்தில் மரங்கள் மாடி வீட்டைத் தாண்டி உயர்ந்து நிற்கும், அடியில் செம்மறி மேயும். ஆடு புல்லையும் குறைக்கும், எருவும் இடும். அடி அகன்று நுனி குறுகிய நீண்ட மர ஏணியைக் கிளைகளுக்கிடையே சாய்த்துப் பறிப்பார்கள். காம்போடு பறிக்க வேண்டும், ஆனால் காம்பு முளைக்கும் குறுங்கிளையை ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் அடுத்த ஆண்டுப் பூவும் சேர்ந்து போகும். பறவையை விரட்ட ஆள் வைக்க வேண்டும். பழுக்கும் வாரத்தில் மழை பெய்தால் தோல் நீரை உறிஞ்சி வெடிக்கும். அதற்கு அன்று எதுவும் செய்ய முடியவில்லை. இந்த மூன்று சிக்கலுக்கும் இன்றைய விடை, கிசெலா 5 என்ற குட்டை வேரில் வளர்த்து, மேலே பிளாஸ்டிக் கூரையும் பக்கத்தில் வலையும் போடுவது. தரையில் நின்றே பறிக்கலாம். வருமானம் அதில்தான். பழைய பெருமரங்கள் அநேகமாகப் போய்விட்டன.

ஆப்பிளைப் பறிக்கும் நேரம் இன்னொரு நுட்பம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கழன்று வர வேண்டும் என்பது வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். கிடங்குக்குப் போவதற்கு அயோடின் சோதனை வேண்டும். பழத்தைக் குறுக்காக அறுத்து, வெட்டுமுகத்தை அயோடின் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால், மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். சர்க்கரையாக மாறிய இடம் வெளுத்தே நிற்கும். வெளுப்பு நடுவிதையைச் சுற்றி நட்சத்திரமாகத் தொடங்கி வெளியே பரவும். முக்கால் பங்குக்குக் குறையாமல் கருத்திருந்தால் மாதக்கணக்கில் வைக்கலாம். பாதி வெளுத்துவிட்டால் சீக்கிரம் விற்றாக வேண்டும். மிக முன்னதாகப் பறித்தால் கிடங்கில் தோல் சுருங்கும், மணம் வராது. காக்ஸை 3 முதல் 3.5 டிகிரியில்தான் வைக்க வேண்டும். இன்னும் குளிர்ந்தால் நல்லதென்று இறக்கினால் சதை உள்ளே பழுத்துப்போகாமல் பழுப்பேறிக் கெடும். ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைக் கூட்டிப் பழத்தின் மூச்சை மெதுவாக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இருவர் வகுத்தார்கள். அதன் முதல் வணிகக் கிடங்கு 1929இல் கேன்டர்பரி அருகே, கென்டிலேயே எழுந்தது.

இவ்வளவும் கையில் இருந்தும் தோட்டங்கள் ஏன் அழிந்தன? 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் பிரெஞ்சு கோல்டன் டெலிஷியஸ் மலிவாக வந்து குவிந்தது. பழைய மரங்களைப் பிடுங்க மானியமும் கிடைத்தது. பேரங்காடிகள் ஒரே அளவு, ஒரே நிறம் கேட்டன. பியூட்டி ஆஃப் பாத் போலப் பறிப்பதற்குள் உதிரும், மூன்று நாளில் மாவாகும் பழத்துக்கு அங்கே இடமில்லை. 1900க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரம்பரியத் தோட்டங்களில் 81 சதவீதம் மறைந்துவிட்டதாகப் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2022இல் பழைய நிலப்படங்களை ஒப்பிட்டுச் சொன்னது. 1990ஐ ஒட்டி அரசு பிராக்டேல் சோதனை நிலையத்தையே மூடியது. உள்ளூர் ஆதரவோடும் அன்றைய இளவரசர் சார்லஸின் டச்சி ஆஃப் கார்ன்வால் என்ற பண்ணைச் சொத்து நிர்வாகத்தின் உதவியோடும் ஓர் அறக்கட்டளை நிலத்தை வாங்கி, தொகுப்பு அங்கேயே தொடர வழி செய்தது. இன்று தொகுப்பு அரசின் சுற்றுச்சூழல், வேளாண் துறைக்குச் சொந்தம். 2008 முதல் அறிவியல் பொறுப்பு ரெடிங் பல்கலைக்கழகத்திடம். ஒரு நாடு தன் பழங்களின் ஒரே முழுத் தொகுப்பைச் செலவு மிச்சம் பிடிக்கும் பட்டியலில் சேர்த்தது என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

இப்போது பெயர் தெரியாத தோட்டத்து மரத்தின் இலையை அனுப்பினால், மரபணுத் தடத்தைத் தொகுப்பின் தடங்களோடு ஒப்பிட்டு இன்ன வகை என்று சொல்ல முடிகிறது. 1883இல் மேசையில் பரப்பித் தேடிய விடை இது. பழத்தைக் கொண்டு அடையாளம் காண்பதானால், ஒன்றல்ல, நோயில்லாத மூன்று நான்கு பழங்களைக் காம்போடு கொடுக்க வேண்டும். காம்பின் நீளம், அடிக்குழி, விதையறை எல்லாம் பழத்துக்குப் பழம் கொஞ்சம் மாறும்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: லண்டன் செயின்ட் பாங்கிராஸிலிருந்து ஃபேவர்ஷத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்; நிலையத்திலிருந்து அரை மணிக்குள் நடந்து போகலாம். பூவுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை, செர்ரிக்கு ஜூலை, ஆப்பிளுக்குச் செப்டம்பர், அக்டோபர். வழிகாட்டியோடு போனால்தான் எந்த வரிசையில் எது என்று புரியும். நியூட்டனின் தோட்டத்து ஃபிளவர் ஆஃப் கென்ட் வகையும் அங்கே உண்டு, கேட்டுப் பாருங்கள். ஒட்டுக்குச்சி வேண்டுவோர் குளிர்காலத்துக்கு முன்பே முறைப்படி கேட்டுப் பெற வேண்டும். போகிற போக்கில் ஒடித்து எடுத்துவரக் கூடாது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவர நினைத்தால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் கட்டாயம், தீக்கருகல் இருக்கும் நாட்டிலிருந்து வரும் குச்சி என்பதால் இதில் சலுகை எதிர்பார்க்கக் கூடாது. தவிர, காக்ஸும் பிராம்லியும் கேட்கும் குளிர் நம் சமவெளியில் ஒரு நாளும் கிடைக்காது. மரம் இலைவிட்டு நிற்கும், காய்க்காது.